பைக்குள் அடங்கும் துப்பாக்கி

“சட்டைக்குள் ஒரு பிஸ்டல் இருந்தால் எவனுக்கும் அஞ்ச வேண்டியதில்லை” என்று சொல்லும் நண்பர்கள் நம் விடுதிகளில் சிலர் உண்டு. காவிரிச் செய்தி நாளேடுகளில் தடித்த எழுத்தில் வரும் நாள்களில் இப்பேச்சு சற்று உரக்கவே கேட்கும். வேற்றூரில் படிக்க வந்தவர்களுக்கு இத்தகைய எண்ணம் தோன்றுவது இயல்பே. ஆயின், எண்ணத்திற்கும் பொருளுக்கும் இடையே எத்துணை தூரம்? பைக்குள் அடங்கும் ஒரு சிறு துப்பாக்கி உண்மையில் என்ன செய்யும், என்ன செய்யாது, அதை நம் நாட்டில் யார் வைத்துக்கொள்ளலாம், வாங்கிய பின் தன் விருப்பப்படி அதை மாற்றிக்கொள்ளலாமா என்பனவற்றை ஓர் இயற்பியல் மாணவன் என்ற முறையில் இங்கே ஆராய முற்படுகிறேன்.

கைத்துப்பாக்கி நமக்குப் புதிதன்று. நம் மானசகங்கோத்திரியிலிருந்து பேருந்தில் அரைமணிப் பயணத்தில் இருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில், 1799 மே 4ஆம் நாள் கோட்டை வீழும் வரை, திப்பு சுல்தானின் பட்டறைகள் அருமையான கைத்துப்பாக்கிகளைச் செய்துகொண்டிருந்தன. சிக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி எழுப்பும் வகை அவை. உடலெங்கும் புலித்தலை வேலைப்பாடு. ஆளுக்கேற்ப ஆயுதத்தை அணிசெய்யும் ஆசை இன்று நேற்றுத் தோன்றியதன்று என்பதற்கு அவற்றைவிட வேறு சான்று வேண்டுமோ? ஆயினும் அவை இடுப்பில் பெருமையாகச் செருகிக்கொள்வதற்கு உரியவை. ஒளித்து வைப்பதற்கு உரியவை அல்ல. ஒரு குண்டு சுட்டபின் மருந்து கெட்டித்து, குண்டு இட்டு, மீண்டும் ஆயத்தம் செய்வதற்குள் எதிரி வந்துவிடுவான்.

ஒளித்து வைக்கும் துப்பாக்கி என்பது பெரும்பாலும் ஒரே மனிதரின் மூளையில் உருவானது எனலாம். அவர் அமெரிக்கரான ஜான் பிரௌனிங். அவர் வகுத்த பிஸ்டலைப் பெல்ஜியத்தில் ஹெர்ஸ்டால் என்னும் ஊரிலிருந்த தொழிற்சாலை 1900ஆம் ஆண்டளவில் செய்து விற்கத் தொடங்கியது. அதன் அமைப்பு எளிது. தோட்டாக்கள் கைப்பிடிக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அடியில் ஒரு சுருள்வில் அவற்றை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். குழாயின் பின்புறத்தை ஒரு கனத்த இரும்புப் பகுதி மூடியிருக்கும். அது முன்னும் பின்னும் சறுக்கக்கூடியது. விசையை இழுத்தால் தோட்டா வெடிக்கிறது. வாயு குண்டை முன்னே தள்ளுகிறது. அதே வாயு வெற்றுத் தோட்டாவைப் பின்னேயும் தள்ளுகிறது. கனத்த மூடி மெல்ல நகர்வதால், அது திறப்பதற்குள் குண்டு குழாயை விட்டுப் போய்விடும். மூடி பின்செல்லும்போது வெற்றுக்கூடு வெளியே தெறிக்கிறது. வில் அதை மீண்டும் முன்தள்ளும்போது அடுத்த தோட்டா உள்ளே ஏறுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை வேலைக்காரனாக அமர்த்திக்கொண்ட பொறி என்று இதைச் சொன்னால் பொருந்தும்.

இந்தப் பெல்ஜியத்துப் பிரௌனிங்தான் நம் நாட்டு வரலாற்றிலும் புகுந்தது. 1909 டிசம்பர் 21ஆம் நாள் நாசிக் கலெக்டர் ஜாக்சனை ஆனந்த் கான்ஹரே சுட்டது பிரௌனிங் பிஸ்டலால். 1911 ஜூன் 17ஆம் நாள் காலை மணியாச்சி நிலையத்தில் நின்ற இரயிலின் முதல் வகுப்புப் பெட்டியில் ஏறித் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையிலிருந்ததும் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங்கே. எங்கள் ஊர்ப்பக்கத்தார் வாஞ்சி மணியாச்சி என்று நிலையத்தின் பெயரைச் சொல்லும்போதே குரல் சற்றுத் தாழும். அரசியல் விவாதத்தை விடுவோம். பொருளின் தன்மையை மட்டும் நோக்குவோம். அந்தச் சிறு கருவி, கொடுப்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்கு யாரும் அறியாமல் செல்ல முடிந்தது. கூட்டத்தின் நடுவே யாரும் ஐயுறாமல் நிற்க முடிந்தது. ஒரு கை நீளத் தூரத்தில் வேலையை முடித்தது. 1948 ஜனவரி 30ஆம் நாள் டெல்லியில் காந்தியடிகளின் மார்பில் பாய்ந்த குண்டுகளும் இத்தாலியில் செய்த பெரட்டா என்னும் சிறு பிஸ்டலிலிருந்து வந்தவையே. அங்கும் தூரம் சில அடிகள்தாம். பைக்குள் அடங்கும் துப்பாக்கி முதலில் தாக்குபவனுக்கு வாய்ப்பான கருவி. தாக்கப்படுபவனுக்கு அது எத்துணை உதவும் என்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்ப்போமா? அஞ்ச வேண்டாம், பள்ளியில் படித்த உந்த அழிவின்மை விதி போதும்.

சிறு பிஸ்டலின் ‘32’ வகைக் குண்டு ஏறத்தாழ 4.6 கிராம். அது குழாயை விட்டுப் புறப்படும் வேகம் வினாடிக்குச் சுமார் 275 மீட்டர். அதன் இயக்க ஆற்றல் 174 ஜூல் அளவு. உந்தத்தைக் கணக்கிட்டு, துப்பாக்கியின் நிறை 500 கிராம் என்று கொண்டால், துப்பாக்கி வினாடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் கையை நோக்கிப் பின்வாங்கும். அந்த உதையின் ஆற்றல் 1.6 ஜூல். “இன்னும் இலேசாக, 250 கிராமில் ஒன்று இருந்தால் சட்டைப்பை தொங்காதே” என்று எண்ணுகிறோம். நிறை பாதியானால் பின்வேகம் இரட்டிக்கிறது: 5 மீட்டர். உதையின் ஆற்றலும் இரட்டிக்கிறது: 3.2 ஜூல். வெடிமருந்து வாயுவின் பங்கைச் சேர்த்தால் இன்னும் கூடும். பைக்கு இதமான துப்பாக்கி கைக்கு இதமானதன்று. முதற் குண்டு சுட்டபின் முனை மேலே துள்ளும். இரண்டாம் குண்டுக்கு மீண்டும் குறி சேர்க்க வேண்டும்.

குறி பார்ப்பதும் அப்படியே. முன்னே ஒரு முளை, பின்னே ஒரு பள்ளம். இரண்டையும் கண்ணால் ஒரு கோட்டில் சேர்க்கிறோம். சிறு பிஸ்டலில் இவ்விரண்டிற்கும் இடைத்தூரம் 10 சென்டிமீட்டர் என்று வைப்போம். கை ஒரு மில்லிமீட்டர் பிசகினால், ஒத்த முக்கோணக் கணக்கின்படி, 10 மீட்டர் தூரத்தில் குண்டு 10 சென்டிமீட்டர் விலகும். இடைத்தூரம் 60 சென்டிமீட்டர் உள்ள நீளத் துப்பாக்கியில் அதே பிசகுக்கு விலகல் 1.7 சென்டிமீட்டர்தான். அச்சத்தில் நடுங்கும் கை ஒரு மில்லிமீட்டரோடு நிற்குமா?

விசை இன்னொன்று. சுத்தியைத் தானே பின்னிழுத்து விடுவிக்கும் ரிவால்வர்களில் விசையை இழுக்க நான்கைந்து கிலோ பாரத்தைத் தூக்கும் அளவு விரல்வலி வேண்டும். அரைக் கிலோ பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு அதன்மேல் அதைப்போல் எட்டு மடங்கு, பத்து மடங்கு விசையைச் செலுத்துவது எளிதன்று. ஆகவேதான் ‘விசையை இலேசாக்கித் தரச் சொல்லலாமே’ என்று பலருக்குத் தோன்றுகிறது. மாற்றியமைக்கும் ஆசையில் முதலில் எழுவதும், மிகத் தீயதும் இதுவே என்பது என் கருத்து. கனத்த விசை செய்தவனின் கஞ்சத்தனம் அன்று. அது ஒரு காவல். பைக்குள் சாவிக்கொத்தும் பேனாவும் சில்லறையும் உடனிருக்க, இலேசான விசையுள்ள துப்பாக்கியைப் போட்டு நடப்பவன் தன் தொடைக்கே குறி வைத்து நடக்கிறான். விசையை முழுதும் மூடிக்கொள்ளும் கெட்டியான தோலுறை ஒன்றை வாங்குவது இதைவிட நூறு மடங்கு நல்ல ‘மாற்றம்’. தன் கைக்கு ஏற்ற பிடிப்பலகை பொருத்துவதும், குறி பார்க்கும் முளைக்கு வெண்புள்ளி இடுவதும் தீங்கில்லாதவை. இவற்றிற்கு மேல் செல்லும்போது சட்டம் குறுக்கே நிற்கிறது.

நம் நாட்டுச் சட்டத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். ஏனெனில், அமெரிக்கத் திரைப்படங்களைப் பார்த்துவிட்டு இங்கும் கடைக்குப் போய்ப் பணம் நீட்டினால் போதும் என்று நினைப்பவர் உளர். 1878இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர் கையிலிருந்து ஆயுதத்தைப் பறிப்பதையே நோக்கமாகக் கொண்டது. விடுதலைக்குப் பின் அதற்கு மாற்றாக வந்தது 1959ஆம் ஆண்டுச் சட்டம். அதன் விரிவான விதிகள் இப்போது 2016இல் வகுக்கப்பட்டவை. 21 வயது நிரம்பியவர் விண்ணப்பிக்கலாம். அவ்வளவில் நம்மில் பலர் தேறிவிடுவோம். எங்கே விண்ணப்பிப்பது? மாவட்டத்தில் மாவட்ட நடுவரிடம், அதாவது இங்கே டெபுடி கமிஷனரிடம். மைசூர் நகருக்குள் போலீஸ் கமிஷனரிடம். போலீசார் விசாரித்து அறிக்கை தருவர். மருத்துவச் சான்று வேண்டும். துப்பாக்கியைப் பழுதின்றிக் கையாளப் பயிற்சி பெற்றதற்குச் சான்று வேண்டும். இவற்றோடு முடிந்ததா? இல்லை. சட்டத்தின் 13ஆம் பிரிவில் ஒரு நுட்பம் இருக்கிறது. தற்காப்புக்கு 20 அங்குலத்திற்குக் குறையாத குழாயுடைய சாதாரண நீளத் துப்பாக்கி கேட்டால் உரிமம் தருவதே முறை என்று சட்டம் சொல்கிறது. பிஸ்டல் கேட்டாலோ, ‘தக்க காரணம்’ உண்டு என்று அதிகாரி மனநிறைவு அடைந்தாக வேண்டும். மறைக்கக்கூடிய ஆயுதத்தைச் சட்டம் வேறு கண்ணால் பார்க்கிறது என்பது இதனால் விளங்கும். “விடுதியில் பயமாக இருக்கிறது” என்பது தக்க காரணம் ஆகுமா என்பதை வாசகர் தாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, அளவு. 9 மில்லிமீட்டர், ‘38’, ‘455’ ஆகிய வகைப் பிஸ்டல்களும் ரிவால்வர்களும் சாதாரணக் குடிமகனுக்குத் தடைசெய்யப்பட்டவை. பட்டாளத்தார், போலீசார் பயன்படுத்தும் தோட்டாவும் வெளியார் தோட்டாவும் ஒன்றாக இருந்துவிடலாகாது என்பது பழைய அரசாங்கத்தின் கவலை. அக்கவலை நம் அரசாங்கத்திற்கும் வழிவழி வந்தது. மீந்து நிற்பவற்றுள் ஒன்று ‘32’ என்னும் அளவு; அங்குலத்தில் நூற்றில் 32 பங்கு, ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். இதற்கேற்பக் கான்பூர்த் தொழிற்சாலைகள் ரிவால்வர்களைச் செய்கின்றன. அங்கே பீல்டு கன் தொழிற்சாலையில் 2014 ஜனவரியில் ‘நிர்பீக்’ என்று ஒரு ரிவால்வர் வெளியாயிற்று. அரைக்கிலோ எடை; ஆறு தோட்டா; விலை 1 இலட்சத்து 22 ஆயிரம் ரூபாய்க்கு மேல். பெண்களின் கைப்பைக்கென்றே நகைப்பெட்டி போன்ற ஒரு பெட்டியில் வைத்து விற்றார்கள். 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் கொடுமைக்குள்ளாகி மாண்ட பெண்ணை நாடு ‘நிர்பயா’ என்று அழைத்ததை ஒட்டி வைத்த பெயர் அது. மணிப்பூரைச் சேர்ந்த பினாலட்சுமி நேப்ரம் போன்றோர், இது அப்பெண்ணின் நினைவுக்கே இழுக்கு என்று கண்டித்தனர். எனக்கும் அவர் பக்கமே நியாயம் இருப்பதாகப் படுகிறது. பேருந்தில் பாதுகாப்புத் தர வேண்டியது யார் கடன்? ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் பல மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்க வேண்டிய பொருளா பாதுகாப்பு?

உரிமம் கிடைத்தபின் வாழ்வு எளிதாகுமா எனின், அதுவும் இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது, முன்னர் மூன்று. உரிமம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். கல்யாண ஊர்வலத்தில் மகிழ்ச்சி மிகுந்து வானத்தை நோக்கிச் சுட்டுப் பிறருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டாண்டு வரை சிறை உண்டு. வெளியே கொண்டு செல்வதில் ஒரு வேடிக்கை: பொது இடத்தில் கைத்துப்பாக்கி உடலோடு சேர்ந்த உறையில், முழுதும் மூடப்பட்டு இருக்க வேண்டும் என்கின்றன விதிகள். ஆக, உரிமம் உள்ளவன் மறைத்துத்தான் எடுத்துச்செல்ல வேண்டும். காட்டி மிரட்டினால் குற்றம்.

மாற்றியமைப்பது பற்றியும் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும், ஒரு வகையை இன்னொரு வகையாக மாற்றுவதும் அதற்கென உரிமம் பெற்றவர் செய்யும் தொழில். குழாயைக் குறுக்குவதற்கும், பொம்மைத் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக்குவதற்கும் தனி உரிமம் வேண்டும். உடலில் பொறித்த எண்ணை அழித்தால் அதுவே குற்றம். உரிமமின்றிச் சாதாரணத் துப்பாக்கியை வைத்திருப்பவனுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு வரை சிறை. தடைசெய்த வகையானால் ஏழு ஆண்டிலிருந்து பதினான்கு ஆண்டு வரை. “யாரோ ஒருவன் குறைந்த விலைக்குத் தருகிறானாம்” என்று நாட்டுத்துப்பாக்கிக் கதை பேசும் நண்பர்கள் இந்த எண்களை ஒருமுறை தம் பட்டப்படிப்புக் காலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக.

“எல்லாருக்கும் இப்படியா? பக்கத்துக் குடகில் உரிமமே வேண்டாமாமே!” என்று கேட்பார்கள். உண்மைதான், ஆயினும் கதை வேறு. 1861இல் குடகரை ஆயுதப் பறிப்புச் சட்டத்திலிருந்து ஆங்கில அரசாங்கம் விலக்கியது. அரசுக்குப் படைத்துணை செய்யும் கடமையோடு வந்த ‘ஜம்மா’ நிலத்தை உடையவர்களுக்கும் இவ்விலக்கு உண்டு. சுதந்தர இந்தியாவும் இதைத் தொடர்ந்து வருகிறது; 2019இல் மைய அரசு மேலும் பத்தாண்டு நீட்டித்தது. ‘சாதியை ஒட்டிய சலுகை ஆகாது’ என்று தொடுத்த வழக்கைக் கருநாடக உயர்நீதிமன்றம் 2021 செப்டம்பரில் தள்ளிவிட்டது. செப்டம்பரில் வரும் கைல்போல்து நாளில் குடகர் வீடுகளில் துப்பாக்கிக்கு மலர் சூட்டி வைப்பார்கள். ஆண்மகவு பிறந்தால் ஒரு வெடி. இறந்தால் இரண்டு வெடி. துப்பாக்கி அங்கே பூசையறைப் பொருள், ஊரறிந்த பொருள். யாருக்கும் தெரியாமல் இடுப்பில் செருகி நகருக்குள் திரியும் பொருளன்று. காட்டுப்பன்றியும் யானையும் நடமாடும் காப்பித் தோட்டத்து வாழ்வை விடுதி அறையோடு ஒப்பிடுதல் பொருந்துமா?

வீட்டில் இருக்கும் துப்பாக்கி யாரைச் சுடுகிறது என்பதற்குத் தமிழர் மறக்கவியலாத சான்று ஒன்று உண்டு. 1967 ஜனவரி 12ஆம் நாள் இராமாவரம் வீட்டில் எம்.ஜி.இராமச்சந்திரனை எம்.ஆர்.இராதா சுட்டார். குண்டு இடச்செவியை ஒட்டிப் பாய்ந்து கழுத்தில் தங்கியது. இராதா தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தனர், ஒருவர் குரல் என்றென்றும் மாறிற்று, மற்றவர் சிறை சென்றார். கழுத்துக் கட்டோடு கூடிய படம் அடுத்த மாதத் தேர்தலில் சுவரெங்கும் நின்றதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். நாம் கவனிக்க வேண்டியது வேறு. சுட்டவர் இரவில் சுவரேறி வந்த திருடர் அல்லர். பல ஆண்டு உடன் நடித்தவர், பேச வந்து எதிரே அமர்ந்தவர். சினம் தணிய ஐந்து நிமிடம் போதும். பை துழாவ ஐந்து வினாடி கூட வேண்டாம்.

இப்போது நம் அச்சத்திற்கு வருவோம். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதும் 1991 டிசம்பரில் பெங்களூரிலும் தென் கருநாடகத்திலும் தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. பலர் ஊரை விட்டே ஓடினர். 2016 செப்டம்பரில் பெங்களூரில் பேருந்துகள் எரிந்தன. இவை நடந்தவை, மறைப்பதில் பயனில்லை. அந்த நாளில் ஒருவன் இடுப்பில் ஆறு தோட்டா ரிவால்வர் இருந்தது என்று வையுங்கள். எதிரே இருப்பது ஆறு பேர் அல்லர், இருநூறு பேர். முதற் குண்டு யார்மேல் படுகிறதோ அவன் கல்லெறிந்தவனாக இருக்க வேண்டும் என்பதில்லை. வேடிக்கை பார்த்த சிறுவனாக இருக்கலாம். ஆறாம் குண்டிற்குப் பிறகு? அதுவரை கடைக் கண்ணாடியோடு நின்ற கூட்டம் எதோடு நிற்கும்? அத்தெருவில் உள்ள மற்றத் தமிழ்க் குடும்பங்களின் கதி? தன்னுயிரைக் காக்கும் உரிமையைப் புதிய குற்றச் சட்டமான நியாய சன்ஹிதை 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் நமக்குத் தந்திருக்கிறது. ஆயின், தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்தல் ஆகாது என்ற எல்லையும் அங்கேயே இருக்கிறது. அந்த எல்லை எங்கே என்று நீதிமன்றம் ஆண்டுக்கணக்கில் ஆராயும்; நாம் அரை வினாடியில் முடிவு செய்ய வேண்டும். அத்தகைய நாளில் என் நம்பிக்கை, அடுத்த அறைக் கன்னட நண்பன் கதவைத் திறப்பான் என்பதில்தான் இருக்கிறது. கன்னடம் நாலு வார்த்தை சரளமாகப் பேசக் கற்பதற்கு உரிமமும் வேண்டாம், போலீஸ் அறிக்கையும் வேண்டாம்.

சுடும் கலையிலேயே ஆசை உள்ளவர்களுக்கு வேறொரு வழி திறந்திருக்கிறது. 0.177 அங்குல அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. 2024 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்றது 10 மீட்டர் காற்றுப் பிஸ்டலில்தான். அதற்கு மூன்றாண்டு முன்னர்த் தோக்கியோவில் போட்டி நடுவே அவருடைய பிஸ்டல் பழுதாகி, நிமிடங்கள் வீணாகி, 12ஆம் இடத்தோடு திரும்பினார். எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் வேண்டிய நேரத்தில் கைவிடும் என்பதைப் பைத்துப்பாக்கிக்காரரும் எண்ணிப் பார்க்கலாம். மாற்றியமைக்கும் ஆசைக்கும் இங்கே நல்ல தீனி உண்டு. கைப்பிடி மரத்தாலானது, அவரவர் உள்ளங்கைக்கு ஏற்பச் செதுக்கியும் தேய்த்தும் பசைகொண்டு நிரப்பியும் ஆட்டக்காரர்கள் மாதக்கணக்கில் சரிசெய்வார்கள். மொத்த எடை 1500 கிராமுக்கு மேல் ஆகலாகாது. விசை 500 கிராமுக்குக் குறையலாகாது. இலக்கின் நடுவட்டம் 11.5 மில்லிமீட்டர் விட்டம். குறிமுளைக்கும் பள்ளத்திற்கும் இடைத்தூரம் 36 சென்டிமீட்டர் என்று கொண்டு முன் சொன்ன முக்கோணக் கணக்கை மீண்டும் போட்டால், நடுவட்டத்திற்குள் குண்டு விழக் கை பிசகலாகும் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. 75 நிமிடத்தில் அறுபது முறை அப்படி நிற்க வேண்டும்.